சின்னச் சட்டி

அந்த ஞாயிறு மதியம் சீனச் சாப்பாட்டுக்கடையில் இருந்தவர்கள்: கல்லாவில் முதலாளியம்மா, ஜன்னலோர மேசையில் நான், எனக்கு எதிரே அவள்.

நடுவில் செக்கச்செவேலென்று கொதிக்கும் சிச்சுவான் குழம்புச் சட்டி. இறைச்சியை அதில் முக்கி வேகவைத்துத் தின்ன வேண்டும்.

எனக்கு இரவுக் காவல் வேலை. வாரத்தில் ஒரு மனித முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே சாப்பிடுவது இந்த ஒரு வேளைதான்.

"ஏங்க, அந்தச் சிச்சுவான் மிளகை ஒதுக்குங்க. போன வாரம் நாக்கு மரத்துப்போய்க் கன்னத்தைக் கடிச்சுக்கிட்டீங்க."

"முதல்ல உன் மூக்கைத் துடை. குழாய் மாதிரி ஒழுகுது."

"ஒழுகட்டுமே. பொண்ணு பார்க்கவா வந்திருக்கீங்க?"

முதலாளியம்மா சிரித்தபடி வந்தாள். "ஒரு நல்ல சேதி. ஒருத்தருக்குன்னா சட்டி வைக்க மாட்டோம்னு சொல்லிக்கிட்டிருந்தோமே, இனி அது கிடையாது. அடுத்த வாரத்துலேர்ந்து தனியா வர்றவங்களுக்குச் சின்னச் சட்டி."

"அது எங்களுக்கு எதுக்கு?" என்றேன்.

"அட போங்க! சட்டி கிடையாதுன்னதும் தனித்தனியா வாசல்ல நின்னவங்க, அஞ்சே நிமிஷத்துல புருஷன் பொண்டாட்டின்னு உள்ள வந்தீங்க. ஆறு மாசமா நானும் கண்டுக்கலை. இனிமே நடிக்க வேண்டாம்."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லதாப் போச்சு," என்றாள். "உங்களுக்கும் வசதிதானே, சார்?"

"ஆமாங்க, மேடம்," என்றேன்.

நான் காசு கொடுத்துவிட்டு வெளியே வருவதற்குள் அவள் தெருமுனையைத் தாண்டியிருந்தாள். சாயங்காலம் வரை கடை இடைவேளை என்று சொல்லி, முதலாளியம்மா என் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினாள்.