முட்டைக் கேள்வி

கனகசபாபதி சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு இருக்கிறார். மண்ணெண்ணெய் அடுப்பில் கொதிக்கிற சட்டிக்குள் கண்ணாடி ஊசிக்குழாய் கிலுகிலுக்கிறது. யன்னல் வெயில் டொக்டர் முத்துக்குமாருவின் கையிலுள்ள சின்னப் போத்தலில் விழுந்து மினுங்குகிறது. சளியோடு வருகிற தடிமன் காய்ச்சலைத் தடுக்கிற மருந்து. கொழும்பிலிருந்து ஐஸில் வைத்து வந்தது. போன வருஷம் அந்தக் காய்ச்சல் மூச்சிழுக்கிற தொய்வோடு சேர்ந்து கனகசபாபதியை இருபது நாள் பாயில் போட்டது. இந்த வருஷம் வீட்டில் மகள் பத்மாசினியின் பிள்ளை இருக்கிறது. பிறந்து முப்பத்தைந்து நாள்.

“முட்டை சாப்பிட்டால் உங்களுக்கு மேலெல்லாம் கடிச்சுத் தடிக்கிறதோ, ஐயா?”

“நாங்கள் முட்டை தொடுறேல்லை. ஏன் கேக்கிறியள்?”

“மருந்துக்கான கிருமியை முட்டைக்குள்ளை வைச்சுத்தான் வளர்க்கிறது. சிலருக்கு ஒத்துவராது. கேக்கவேணும்.”

சுருட்டிய சட்டைக் கை மெல்லக் கீழே இறங்குகிறது. நல்லூர் முருகன் தேருக்கு இன்னும் நாலு நாள். கொடியேறிய நாள் முதல் அவருக்கு விரதம், ஒரு நேரச் சாப்பாடுதான். நெற்றித் திருநீறு வியர்வையில் நனைகிறது.

“பிள்ளைக்குப் போடேலாதோ?”

“அந்த வயசிலை போடேலாது. கிட்ட இருக்கிற பெரியாக்கள் போட்டால்தான் அதுக்குக் காவல்.”

சுவர்க் கலண்டரில் முருகன் வேலோடு நிற்கிறார். கனகசபாபதி முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, சட்டைக் கையை மறுபடியும் சுருட்டுகிறார். தோளில் தடவிய ஸ்பிரிற் குளிர்கிறது. ஊசி ஏறி இறங்குகிறது.

“ஒருக்காப் போட்டால் காணுமோ?”

“காணாது ஐயா. வருஷா வருஷம் போடவேணும்.”

பஞ்சை அழுத்திப் பிடித்தபடி அவர் எழும்புகிறார்.

“அப்ப வாற வருஷம் உந்த முட்டைக் கதையைக் கதையாமல் போடுங்கோ.”