நித்தியகல்யாணிக்குத் தண்ணீர்

“கொஞ்சம் பொறுங்க மகள், வாப்பா தண்ணி கொணந்திரிக்கன்” என்று சொல்லிக்கொண்டே, சைக்கிளின் பின்னால் கட்டியிருந்த கேனை அசனார் அவிழ்த்தார். ஓட்டமாவடிக்கு அப்பால், கொரோனாவில் மௌத்தானவர்களை அடக்குவதற்கென்று ஒதுக்கிய வெளி அது. மரமில்லை, நிழலில்லை. கச்சான் காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்தது.

ஒரு மண்மேட்டின் தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்றாக அடையாளத்துக்கு நட்டிருந்த மீசான் கட்டைகளுக்கு நடுவே நித்தியகல்யாணி துவண்டு கிடந்தது. முதலில் வைத்த ரோசா கருகிப்போனது. மல்லிகையை மாடு தின்றது. இது ஆடு மாடு வாய்வைக்காத செடி, வேர்பிடித்துவிட்டால் எந்த வெயிலுக்கும் வருடக்கணக்கில் பூக்கும் என்றார்கள். இந்த வருட வெயில் அதையும் விடவில்லை.

மூடியில் ஊசியால் துளையிட்ட போத்தலில் கேன் தண்ணீரை நிரப்பி, வேரடியில் தலைகீழாகச் செருகினார். ஊற்றினால் மணல் ஒரே மடக்கில் குடித்துவிடும். சொட்டுச் சொட்டாக இறங்கினால்தான் வேருக்குப் போய்ச் சேரும்.

மாசியில் அது ஊதாவாகப் பூத்துக் குலுங்கியது. எங்கிருந்தோ வந்த வண்ணத்துப்பூச்சிகள் கபுறை விட்டு அகலவில்லை. வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது மனைவி முப்லிஹா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அன்றிலிருந்து அவர் படலையைத் திறக்கும்போதே, செடி இருக்கிறதா என்றுதான் கேட்கிறாள். இல்லை என்று ஒருநாள் சொல்ல நேர்ந்தால் அவள் தாங்கமாட்டாள்.

காவலுக்கு நிற்கும் றிஷாட் வேலியோரம் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தான். “காக்கா, நீங்க குளிச்சி எத்தின நாளாச்சி? பூ மட்டும் நாளாந்தம் குளிக்கிது” என்றான்.

அசனார் சிரிக்கவில்லை. “இது பட்டுப் பெய்த்தெண்டா நானும் பட்டன், றிஷாட்.”

அப்போது வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. இறங்கிய இளைஞன் றிஷாட்டிடம் ஏதோ விசாரித்தான். றிஷாட் தயங்கித் தயங்கி, அசனாரின் முகத்தைப் பாராமல், அவனை நேரே அந்தக் கபுறடிக்கே கூட்டிவந்தான்.

காத்தான்குடி நௌஷாட். கட்டாரில் வேலை. வாப்பாவை அடக்கியபோது வரமுடியவில்லை, இப்போதுதான் லீவு கிடைத்தது, தான் ஒரே பிள்ளை என்று சொன்னான். கையேந்தித் துஆக் கேட்டு முடித்தவனின் கண், பிறகுதான் செடியில் விழுந்தது. கபுறில் பூச்செடி வளர்ப்பது மார்க்கத்தில் இல்லை என்று முணுமுணுத்தபடி குனிந்து தண்டைப் பிடித்தான்.

அசனார் செடியின்மேல் கவிழ்ந்துவிட்டார். “கைய வெக்காதீங்க தம்பி. இது என்ட புள்ளட இடம்.”

நௌஷாட் திகைத்துப்போய் றிஷாட்டைப் பார்த்தான். றிஷாட் நிலத்தைப் பார்த்தான். தலைமாட்டுக் கட்டையில் எழுதியிருந்த இலக்கம் வெயிலில் வெளிறிப்போய் வாசிக்க முடியாமல் இருந்தது.

மகனா என்று கேட்டான் நௌஷாட். மகள், பெயர் இன்ஷிரா என்றார் அசனார்.

அவன் தலைமாட்டையும் கால்மாட்டையும் மாறி மாறிப் பார்த்தான். “பொம்புளைக் கபுறெண்டா மூணு மீசான் நடுறதானே மாமா. இதுல ரெண்டுதான் இரிக்கி.”

அசனார் செடியைப் பொத்தியிருந்த கையை எடுக்கவில்லை. அவருடைய முழங்கால் பட்டுச் சரிந்த போத்தலின் மூடி கழன்று, நிரப்பிய தண்ணீரெல்லாம் கண்முன்னே மணலுக்குள் இறங்கிப்போனது.

அதைப் பார்த்ததும் நௌஷாட்டின் கோபம் வடிந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த மனிதர், ஒரேமாதிரி இருக்கும் இத்தனை மண்மேடுகளுக்குள் இடம் தடுமாறிவிட்டார், பாவம் என்று நினைத்தான். பக்கத்தில் குந்தி அவருடைய தோளைத் தொட்டான். செடியைத் தாய்மண்ணோடு கிளப்பி உரிய இடத்தில் வைத்துவிடலாம், இனி ஆளனுப்பித் தண்ணீர் ஊற்றுவதும் தன் பொறுப்பு என்றான்.

“மகள்ற கபுறு எந்தப் பக்கம் மாமா? செல்லுங்க, நானும் வந்து தேடுறன்.”

அசனார் தலையைத் தூக்கினார்.

“கொரோனாவெண்டு அவள அரசாங்கம் எரிச்ச பொறகுதான் மகன், அடக்க இந்தக் காணியத் தந்தாங்க.”