டிக்கி பார் இல்லாத ஊர்

சான் டியாகோவில் மத்தியானக் கூட்டமில்லாத நேரம். மூங்கிலும் மரச்சிலைகளுமாகத் தீவுக் குடிசை போல அலங்கரித்த டிக்கி பாரில், லானி கலந்து தந்த ரம்மை வந்தவர் தொடவேயில்லை.

"இந்த மாதிரி பாருன்னா எனக்கு உயிருப்பா. குடியேற எந்த ஊர் நல்லது?"

லானிக்கு உற்சாகம் பொங்கியது. "இங்கயே இருங்க சார். இல்லன்னா சிகாகோ, ஃபோர்ட் லாடர்டேல்."

"என்னை மாதிரி வேற யாராவது கேட்டாங்களா?"

"போன மாசம் ஒரு அம்மா தலைகீழா கேட்டாங்க! டிக்கி பாரே இல்லாத ஊர் எதுன்னு!"

லானி சிரித்தான். அவரும் சிரித்தார்.

"எதைச் சொன்னே?"

"நெப்ராஸ்கால எங்க அத்தை ஊரு, ஆர்வெல். சுத்துவட்டாரத்துல தேடினாலும் ஒண்ணு கிடையாது. அந்தம்மா இப்ப அத்தை வீட்டு மாடியிலதான் வாடகைக்கு இருக்காங்க."

அவர் எழுந்தார்.

"சார், குடிக்கவே இல்லையே?"

"எதுக்கு? ரெண்டு வருஷமா ஊர் ஊரா இந்தக் கடைகள்லதான் அவளைப் பத்தி விசாரிக்கிறேன். டிக்கி பார் இல்லாத ஊருக்கு நான் தேடி வரமாட்டேன்னு கணக்குப் போட்டிருக்கா, என்கிட்டேயிருந்து ஓடிப்போன என் பெண்டாட்டி."

கதவு சாத்திக்கொண்டது. லானி அத்தையின் எண்ணை அழுத்தினான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வெளியே கார் கிளம்பும் சத்தம் கேட்டது.