தராசில் நிற்கும் மாப்பிள்ளை

திருச்சி விமான மைதானத்தில் பத்து ஊர் வெயில் ஒன்றாகக் காய்கிறது. நேற்று போட் மெயில் ரயிலைத் தவறவிட்ட நசுருதீன், மாப்பிள்ளை மாலையோடு எடைத் தராசில் நிற்கிறான். இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு கொழும்பில் நிக்காஹ். ரயிலும் கப்பலுமாக ஒரு நாள் ஓடும் தூரத்தை விமானம் ரெண்டரை மணி நேரத்தில் தாண்டிவிடுமாம்.

"ரெண்டு ராத்தல் கூடுதுங்க. மாலையைக் கழட்டச் சொல்லுங்க" என்கிறார் குமாஸ்தா.

"மாலை போட்டு வாசல் இறங்கின மாப்பிள்ளை, நிக்காஹ் முடியாம கழட்டக் கூடாதுங்க." அவன் அம்மா ஹாஜிரா இன்னொரு மலைக்கோட்டையாக நிற்கிறாள். யானையைக் கட்டினாலும் அறாத மாலை அது. அதன் மல்லிகை மணத்தில் பெட்ரோல் வாடையே தோற்றுக்கிடக்கிறது.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த விமானி, விமானத்திலிருந்து தன் டிபன் கேரியரை இறக்கி ஹாஜிராவின் கையில் கொடுக்கிறார்.

"ரெண்டரை மணி நேரம் பசி தாங்குவேம்மா. பிரியாணிக்கு உங்க மகனோட நானும் போயிடுறேன்."