பன்னிரண்டாம் படுக்கைக்குக் காத்து வரவில்லை

"ஐயா, காத்து வந்துதா?"

பன்னிரண்டாம் படுக்கையில் மல்லாந்து கிடந்த தையல்காரர் உதட்டைப் பிதுக்கினார். "எங்கம்மா! சத்தம்தான் வருது. காத்து வரல."

படிவத்தோடு நின்ற ஆய்வுக்காரப் பெண் அந்தக் கட்டத்தில் மறுபடியும் ஒரு கோடு போட்டாள்.

வயிற்றில் கத்தி வைத்துவிட்டால் குடல் கொஞ்ச நாள் கோபித்துக்கொண்டு வேலை நிறுத்தம் செய்யும். அது சமாதானமாகி வேலைக்குத் திரும்பிவிட்டது என்பதற்கு அடையாளம், கீழே காற்று பிரிவதுதான். அதுவரை கஞ்சித் தண்ணிகூடக் கிடையாது. சூயிங்கம் மென்றால் குடல் சீக்கிரம் முழித்துக்கொள்ளுமா என்று பெரிய டாக்டர் ஓர் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தார். அந்த வார்டில் ஜன்னல் பக்கத்துப் படுக்கைகளுக்குச் சூயிங்கம் உண்டு. சுவர்ப் பக்கத்துக்குக் கிடையாது. யாருக்கு எப்போது பிரிந்தது என்று கேட்டு எழுதுவது அவள் வேலை.

படிவத்தில் 'வாயு பிரிந்த நேரம்' என்று பச்சையாக அச்சடித்திருந்தார்கள். அப்பா வயசு ஆளிடம் போய் அதை எப்படிக் கேட்பாள், சொல்லுங்கள்? முதல் நாளே காது மடல் சிவந்து போனவள், கேள்வியை இரண்டே வார்த்தையாகச் சுருக்கிக்கொண்டாள். காத்து வந்துதா? கேட்டவளுக்கும் மானம் போகாது, சொன்னவருக்கும் போகாது.

முடிவுகளோ பிரமாதம். ஜன்னல் பக்கம் கேட்டால், "ஆகா, அருமையா வருதும்மா!" என்றார்கள். சுவர்ப் பக்கம், "ஏதோ... விட்டு விட்டு வருது" என்று இழுத்தார்கள். பெரிய டாக்டர் மாநாட்டில் பேச உரையே தயார் செய்துவிட்டார். நாற்பதாவது ஆள், கடைசி ஆள், இந்தத் தையல்காரர். சுவர்ப் பக்கம். குடல்வாலை எடுத்து இன்றோடு மூன்று நாள். இவருக்கு மட்டும் காற்று வந்தபாடில்லை.

"கொஞ்சம்கூடவா வரல, ஐயா?"

"எதிர்ப்பக்கத்து ஆளுக்குப் பாரும்மா, என்னமா வருது! அவர்கிட்டேயிருந்து தப்பித் தவறி இந்தப் பக்கம் கொஞ்சம் வரும். அதை வெச்சுத்தான் பொழுதை ஓட்டறேன்."

அவள் நாசூக்காக மூச்சை அடக்கிக்கொண்டாள்.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மனைவி குரலைத் தாழ்த்தினாள். "இவருக்குக் காத்து இல்லேன்னா ஆகவே ஆகாதும்மா. வீட்ல ராத்திரி பூரா கடகடன்னு ஒரே சத்தம். போர்வையெல்லாம் பறக்கும். எனக்கு ஒத்துக்காது, நான் எட்டப் போய்ப் படுத்துக்குவேன்."

"வீட்ல நின்னு போச்சுன்னா என்ன செய்வீங்க?"

"ரெண்டு சொட்டு எண்ணெய் விடுவோம். அப்புறம் பிச்சுக்கிட்டு வரும்!"

'எண்ணெய் - வீட்டு வைத்தியம்' என்று எழுதிக்கொண்டாள். எந்த வழியாக விடுவார்கள் என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

"அது கிடக்கட்டும், சாப்பாடு எப்பம்மா?" என்றார் தையல்காரர்.

"காத்து வந்தாத்தான் சாப்பாடு, ஐயா."

"இதென்னம்மா கூத்து! காத்துக்கும் சோத்துக்கும் என்ன சம்பந்தம்? யாராவது தெரிஞ்ச ஆளைக் கூப்பிட்டுக் காட்டக் கூடாதா?"

"பெரிய டாக்டரே பார்க்க வர்றாருங்க."

"அவருக்கு இதெல்லாம் தெரியுமா?"

"இதுக்குன்னே படிச்சவருங்க!"

தையல்காரர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு கண்களை மேலே உயர்த்தினார். கடவுளை வேண்டிக்கொள்கிறார் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். படிவத்தில் 'வியர்வை' என்றும் சேர்த்தாள்.

பெரிய டாக்டர் வந்தார். வயிற்றை அமுக்கினார். ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். புருவம் சுருங்கியது.

"வயிறு பஞ்சு மாதிரி இருக்கு. சத்தமும் ஜோராக் கேக்குது. அப்புறம் ஏன் காத்து வரல?"

"அதைத்தானே டாக்டர் நானும் மூணு நாளா கேக்கறேன்!"

"இனிமே பொறுக்க முடியாது. மூக்கு வழியா வயித்துக்குக் குழாய் விட்டுடுவோம். சிஸ்டர், கொண்டு வாங்க!"

"குழாயா? என் மூக்குலயா? காத்து வரலேன்னதுக்கா?" தையல்காரர் கட்டில் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தட்டில் வழவழவென்று சுருண்டு கிடந்த குழாயோடு சிஸ்டர் வந்து நின்றாள்.

ஆய்வுக்காரப் பெண்ணால் தாங்க முடியவில்லை. கூச்சத்தை விட்டுக் குனிந்து அவர் காதில் சொன்னாள். "ஐயா, கடைசியா ஒரே ஒரு தடவை கொஞ்சம் முக்கிப் பாருங்களேன்."

தையல்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நான் முக்கினா அது எப்படிம்மா வரும்?"

டாக்டர் குழாயைக் கையில் எடுத்தார்.

"வழி, வழி!" என்று வாசலில் ஒரு குரல். தோளில் ஏணியும் சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவருமாக ஓர் ஆள் உள்ளே வந்தான். தையல்காரர் முகத்தில் மூன்று நாளில் முதல் தடவையாக வெளிச்சம்.

"வாப்பா மகராசா! காத்து வரல, காத்து வரலன்னு இந்தப் பொண்ணுகிட்ட மூணு நாளா கதறிக்கிட்டிருக்கேன். இப்பத்தான் உன்னை அனுப்பணும்னு தோணியிருக்கு இவங்களுக்கு. முதல்ல அந்த ஃபேனைப் பாரு!"

அந்தரத்தில் நின்றது டாக்டர் கையிலிருந்த குழாய். பெண் மெல்லத் தலை நிமிர்ந்தாள். சுவர்ப் பக்கத்து ஃபேன் உர்ரென்று முனகிக்கொண்டு அசையாமல் நின்றது. ஜன்னல் பக்கம், சூயிங்கம் கொடுத்த அத்தனை படுக்கைகளுக்கும் மேலே, இன்னொரு ஃபேன் ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது.