ரெக்சன் போட்ட முடிச்சு

புயலில் கவிழ்ந்த படகின் முதுகில் தொற்றிக்கொண்டதும், ரெக்சன் தன் இடுப்பையும் கூட்டாளி கிளாட்வினின் இடுப்பையும் வலைக்கயிற்றால் பிணைத்தான். "நீ போடுற முடிச்சுல ஆடுகூட நிக்காதுலே," என்றான் கிளாட்வின், உப்புநீரைத் துப்பியபடி. அது உண்மைதான். அதனால் ரெக்சன் முடிச்சைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தான். இரண்டு முறை அலை கிளாட்வினை இழுத்தது. இரண்டு முறையும் கயிறு திருப்பி இழுத்தது.

காற்று அடங்கியபின் வந்த படகொன்று அவர்களைக் கரைசேர்த்தது. நனைந்து இறுகிய முடிச்சை யாராலும் அவிழ்க்க முடியவில்லை. கிளாட்வினின் மாமா கத்தியை எடுத்தார்.

"அறுக்காதிய மாமா. இவன் போட்டு நின்ன மொத முடிச்சு. அம்மைகிட்ட காட்டணும்," என்றான் கிளாட்வின்.

தேநீர் வந்தது. ரெக்சன் எட்டி வாங்க, கிளாட்வினும் கூடவே நகர்ந்தான். ஒரு கையில் தம்ளரோடு, ரெக்சன் மறுகையால் முடிச்சை இன்னொரு முறை தடவிப் பார்த்தான்.