பட்டா மாறாத மெயில்

"மெயில் வரலைன்னா ஆர்டர் இல்லைன்னு அர்த்தம்மா. வீம்பு எதுக்கு? சனிக்கிழமை கூட்டத்துல கம்பெனியை மூடிட்டு, நெல்லைப் பழையபடி என் மில்லுக்கே அனுப்பிடுங்க" என்றார் இளையபெருமாள்.

செம்மொழி லேப்டாப்பிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் நாற்பது பெண்கள் சேர்ந்து நடத்தும் அரிசிக் கம்பெனிக்கு அவள் செயலாளர். அவர்களின் அம்மாக்கள் இளையபெருமாளின் வயலில் நாற்று நட்டு, 'ஐயா' என்று கைகட்டி நின்றவர்கள். மூன்று மாதம் முன்பு மில்லை விட்டுப் பிரிந்து, சொந்தமாக மெயில் வசதியும் வாங்கியாயிற்று. அன்றிலிருந்து ஓர் ஆர்டர்கூட வரவில்லை. கோடவுனில் சீரகச் சம்பா மலையாய்க் கிடந்தது.

"சார், முந்தி எங்க மெயில் உங்க மில்லு கம்ப்யூட்டர்லதானே இருந்துச்சு? அங்க ஏதும் வருதுங்களா?"

"அதை அன்னைக்கே மூடியாச்சு. ஒரு கடுதாசி வரலை."

அவர் போனதும் தலைவி பாத்திமா மேரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "என்னடி கோளாறு?"

"நம்ம பேருக்கு வர்ற மெயில் எங்க போகணும்னு டி.என்.எஸ்.னு ஒரு பதிவு இருக்குக்கா. நாம வீடு மாறினோம், பட்டா மாத்தலை. எல்லாம் பழைய இடத்துக்கே போகுது."

ஊரில் பாதி நிலம் செத்துப்போனவர்கள் பெயரில்தான் இருக்கிறது. பாத்திமா மேரிக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "மாத்தித் தொலையேன்."

"மாத்தறேன். அவசரமில்லை" என்றாள் செம்மொழி. பாத்திமா மேரிக்கு ஆத்திரமாய் வந்தது.

சனிக்கிழமை காலையில் கூட்டத்தைக் கோடவுனிலிருந்து மாதா கோயில் கூடத்துக்கு மாற்றினாள் செம்மொழி. அதற்கும் பாத்திமா மேரியிடம் திட்டு வாங்கினாள்.

நெல்லை மில்லுக்கே தருவதான ஒப்பந்தத்தை இளையபெருமாள் செம்மொழியிடம் நீட்டி, பேனா மூடியையும் அவரே கழற்றிக் கொடுத்தார். "போடும்மா."

வாசலில் மினி லாரி வந்து நின்றது. டிரைவர் சவரிராஜ் உள்ளே எட்டிப் பார்த்தான்.

"கல்யாண வீட்டுக்குச் சீரகச் சம்பா இருபது மூட்டை. எங்க இறக்கறது?" என்றவன், இளையபெருமாளைப் பார்த்ததும் சிரித்தான். "முதலாளி, நீங்களும் கல்யாணத்துக்கா? மெயில்ல வந்த விலாசம் இதுதான்னு கணக்குப்பிள்ளை எழுதிக் கொடுத்தாரு."

பெண்கள் வாசலுக்கு ஓடினார்கள். மூட்டை ஒவ்வொன்றிலும் அவர்கள் கம்பெனியின் பெயர் அச்சாகியிருந்தது.

"இங்க ஏதுடி கல்யாணம்?" என்றாள் பாத்திமா மேரி.

செம்மொழி பேனாவை மூடி, இளையபெருமாளின் கையிலேயே கொடுத்தாள்.

"பட்டாவைக் காலையில மாத்திட்டேன் சார். அதுக்கு முன்னாடி, அந்தக் கல்யாண ஆர்டரை எங்க கம்பெனிக்கு மெயில்ல அனுப்பினது நான்தான்."